துண்டு பாலாமணி போட்ட கையெழுத்து

மாத்தளை டவுனில் பாலாமணி என்று கேட்டால் யாருக்கும் சட்டென்று ஆள் பிடிபடாது. துண்டு பாலாமணி என்று கேட்டுப் பாருங்கள், ஜைனுதீன் முதலாளியின் சரக்குக் கடையைக் கை நீட்டிக் காட்டுவார்கள். அந்தக் கடையின் பின்பக்கத்தில் சுளகை மடியில் வைத்துக்கொண்டு ஏலக்காயும் கராம்பும் பொறுக்கித் தரம் பிரிப்பதுதான் அவள் வேலை. துண்டு என்றால் நம் பக்கத்தில் சீட்டு. ஆஸ்பத்திரித் துண்டு, கூப்பன் கடைத் துண்டு, தபால் கந்தோர்த் துண்டு, எது கையில் வந்தாலும் பாலாமணி கிழிக்க மாட்டாள், எறிய மாட்டாள். ஒரு பிஸ்கட் டின் நிறைய அடுக்கி வைத்திருந்தாள். தன் கையிலிருந்து ஒரு காகிதம் இன்னொருத்தர் கைக்குப் போனாலோ, "வாங்கிக்கிட்டேன்னு ஒரு துண்டு எழுதிக் குடுங்க" என்று நின்ற இடத்தில் நிற்பாள். கேட்டவர்களுக்கு எரிச்சல் வரும். வரட்டுமே, அவளுக்கென்ன!

சும்மா வந்த பைத்தியமில்லை அது. ஐம்பதுகளில் சிலோன் பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டபோது அவளுடைய அப்பாவின் மனுவைத் தள்ளிவிட்டார்கள். நாற்பது வருஷம் இந்த மண்ணில் உழைத்த மனுஷனிடம், உழைத்ததற்கு எழுத்து எங்கே என்று கேட்டார்கள். அவர் இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டிவிட்டு வந்தார். பாலாமணியும் அவள் புருஷன் செல்லையாவும் போட்ட மனு தப்பியது. பள்ளிக்கூடத்துத் துண்டு, அம்மை குத்தின துண்டு, தோட்டத்துப் பெயர்பதிவுத் துண்டு எல்லாவற்றையும் பாலாமணி பத்திரமாக வைத்திருந்ததுதான் காரணம். அப்பா அந்த ஏக்கத்திலேயே கண்ணை மூடினார். செல்லையாவும் போய்ச் சேர்ந்தான். பிள்ளை குட்டி கிடையாது. பாலாமணிக்கு என்று இந்த உலகத்தில் மிஞ்சியது ஒரே ஒரு உயிர், தங்கச்சி கிருஷ்ணம்மா.

பன்னிரண்டு வயது இளையவள். அம்மா இல்லாமல் போனதால் பாலாமணிதான் இடுப்பில் தூக்கி வளர்த்தாள். அக்கா எப்படியோ அதற்கு நேரெதிர் தங்கச்சி. எந்தத் துண்டைக் கொடுத்தாலும் அதில் புளியை மடித்து வைத்துவிடுவாள். ஒருமுறை தன் பிறப்புத் துண்டிலேயே மடித்து வைத்து, பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டு கிடந்ததை பாலாமணி கண்டுபிடித்தாள். அன்றைக்கு விழுந்த அடி ரத்தோட்டை வரைக்கும் கேட்டிருக்கும்.

கிருஷ்ணம்மா ரிவர்ஸ்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் முத்துவீரனுக்கு வாழ்க்கைப்பட்டாள். அவன் குடும்பம் இந்தியாவுக்கே போகிறோம் என்று எழுதிக் கொடுத்த குடும்பம். இரண்டு அரசாங்கமும் போட்டுக்கொண்ட ஒப்பந்தப்படி 1971இல் அவர்கள் முறை வந்தது. மாத்தளை ஸ்டேஷனில் கோச்சி நிற்கிறது, சனமெல்லாம் கட்டிப்பிடித்து அழுகிறது, பாலாமணி மட்டும் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு பாடம் நடத்தினாள்.

"போன எடத்துல எங்க பதியச் சொல்றாங்களோ, அங்க மொதல்ல பதிஞ்சிரு. நான் வந்தாலும் பொலீசுல போயி கையெழுத்துப் போட்டுட்டுத்தான் மத்த வேல பாப்பேன். வெளிநாட்டுக்காரின்னு என்னைய விசாரிப்பாங்க, தெரியும்ல?"

"அம்மாடி! எமன் வந்து கூப்பிட்டாலும் அவன்கிட்ட துண்டு கேப்ப நீ" என்று கிருஷ்ணம்மா அழுகைக்கு நடுவே சிரித்தாள். "ஆனா வா. நீ வரணும்."

"வருவேன்டி."

கோச்சி போன பிறகுதான் பாலாமணிக்கு அழுகை வந்தது. தன் வீடு இருந்த உக்குவளைக்குப் போகிற கடைசி பஸ்சும் போன பின்னும் அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தாள்.

ஒரு வருஷம் கடிதம் வந்தது. மணப்பாறைப் பக்கம் வடுகாம்பட்டி என்று ஒரு ஊர், முத்துவீரனின் பாட்டன் ஊர், அங்கேதான் குடியேறியிருந்தார்கள். மழை இல்லை, கிணற்றில் தண்ணீர் இல்லை, ஒரு பெண் பிள்ளை பிறந்திருக்கிறது என்று யாரையோ கொண்டு எழுதுவித்திருந்தாள். பிறகு கடிதம் நின்றது. அதே சமயம் பாலாமணி குடியிருந்த வரிசை வீட்டையும் ரோட்டுக்காக இடித்துவிட்டார்கள். முதலாளி கடைக்குப் பின்னால் ஒரு அறை கொடுத்தார். புது விலாசத்தை எழுதிப் போட்டாள். பதில் இல்லை. மறுபடி எழுதினாள். எட்டு மாசம் ஒரு சத்தமும் இல்லை. ஏலக்காய் பொறுக்குகிற கை அப்படியே நின்றுவிடும். கண் சுளகில் இருக்கும், மனசு இருக்காது.

"அழுதுக்கிட்டு இருக்காம போயிப் பாரு மணி" என்றாள் நூருன்னிஸா. பக்கத்துச் சுளகுக்காரி, இருபது வருஷத்துக் கூட்டாளி. "ஒனக்குத்தான் பாஸ்போட் எடுக்க முடியுமே."

"தனியாவா?"

"வேற யாரு வருவா? ஒன் டின்னு வரும்."

பாஸ்போட் எடுத்தாள். கண்டியில் இந்தியக் கந்தோரில் மூன்று நாள் வரிசையில் நின்று விசாவும் வாங்கினாள். முத்திரைக்குக் கீழே எழுதியிருந்ததை அங்கிருந்த கிளாக்கர் வாசித்துச் சொன்னார். முப்பது நாள் தங்கலாம். போய்ச் சேர்ந்த ஏழு நாளைக்குள் தங்கும் ஊர் போலீஸ் ஸ்டேஷனில் நேரில் போய்ப் பதிய வேண்டும். ஊர் மாறினால் அதையும் சொல்ல வேண்டும். பாலாமணி அவரை இன்னும் இரண்டு தடவை வாசிக்க வைத்தாள்.

நூருன்னிஸாவின் தம்பி புஹாரி நாகூர்க் கந்தூரிக்குப் போய் வந்தவன். அவன் பட்ட பாட்டையெல்லாம் அவள் ஒரு வாரம் பாலாமணி காதில் ஓதினாள். பெட்டியைத் தூக்க ஓடி வருவான், விடாதே. லொட்ஜுக்குக் கூப்பிடுவான், போகாதே. தீர்த்தம் ஆட வா என்பான், குனிந்த தலை நிமிராமல் நட. போம் நிரப்பித் தருகிறேன் என்பான், பேனையைக் கூடக் கொடுக்காதே. "யாராச்சும் பொட்டியில கை வச்சா, நீ பொட்டி மேல ஏறி உக்காந்துக்க" என்றாள். "அல்லாட காவல் ஒனக்கு. பயப்படாம போ."

தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, சுங்கத்தில் மூட்டையைக் கொட்டிக் காட்டி வெளியே வந்தபோது எல்லாம் அச்சு அசலாக நூருன்னிஸா சொன்னபடியே நடந்தது. ஒருத்தன் பெட்டியைப் பிடித்தான். பாலாமணி நிஜமாகவே அதன் மேல் உட்கார்ந்துவிட்டாள். லொட்ஜுக்காரன் வந்தான், தீர்த்தக்காரன் வந்தான், போம் நிரப்புகிறவன் வந்தான். வாயைத் திறக்கவில்லையே அவள்! கல்லுப்பிள்ளையாராட்டம் உட்கார்ந்திருந்தாள். சலித்துப்போய் எல்லாரும் விலகினார்கள்.

ஆனால் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தவளுக்கு உள்ளுக்குள் கலங்கிப் போயிருந்தது. சுற்றிவர எல்லாரும் பேசுவது தமிழ்தான். போர்டெல்லாம் தமிழ்தான். மாத்தளையில் பஸ் ஏறினால் பாதிச் சனம் சிங்களம் பேசும், அதைக் கேட்டுக் கேட்டு வளர்ந்த காது. இங்கே அது இல்லை. இல்லாமல் போனதும் எதையோ வீட்டில் மறந்து வைத்துவிட்டு வந்த மாதிரி தவித்தது. தன் இனத்துச் சனத்துக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு சிங்களத்துக்கு ஏங்குகிறோமே என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது.

அந்த நேரம் பார்த்து ஒரு குரல் வந்தது. "அக்கே, கொஹெத யன்னே?"

எங்கே போறீங்க அக்கா என்று சிங்களத்தில்! பாலாமணி படக்கென்று திரும்பினாள். நம்ம ஊர்க் கட்டுக் கட்டின சாரம், மெலிந்த உடம்பு, முப்பத்தைந்து வயது இருக்கும். இராசமாணிக்கமாம் பேர். யட்டவத்தைக்காரனாம். மாத்தளை அம்மன் கோயில் தேருக்கு வடம் பிடித்தவனாம். ரத்தோட்டை பஸ் எங்கே நிற்கும், சந்தையில் எந்தக் கடையில் கித்துள் கருப்பட்டி நன்றாக இருக்கும் எல்லாம் சொன்னான். சொன்னது அத்தனையும் உண்மை. பாவி மனசு உருகிப் போயிற்று. நூருன்னிஸா ஓதின எச்சரிக்கையில், சிங்களம் பேசிக்கொண்டு வருகிறவனைப் பற்றி ஒரு சொல் இல்லையே!

தங்கச்சி கதை முழுவதையும் கொட்டிவிட்டாள். அவனும் உச்சுக் கொட்டிக் கேட்டான்.

"பொலீசுக்கு நீங்க ஏன்க்கா போகணும்? ஒண்டிப் பொம்பளைய நாள் முழுக்க வெளிய ஒக்கார வச்சுருவாங்க. வாயில வந்ததக் கேப்பானுக. எனக்கு உள்ளுக்குள்ள ஆள் இருக்கு. பாஸ்போட்டக் குடுங்க, நான் சீல் அடிச்சு வடுகாம்பட்டிக்கே கொண்டாந்து தர்றேன். நீங்க நேரா தங்கச்சியப் போயிப் பாருங்க."

நல்லதாகத்தான் பட்டது. போலீஸ் ஸ்டேஷன் என்றாலே பாலாமணி ரோட்டுக்கு அந்தப் பக்கம் மாறி நடக்கிறவள். பிளவுஸுக்குள்ளிருந்து பாஸ்போட்டை எடுத்தாள், அவன் கையில் கொடுத்தாள். ஆமாம், கொடுத்தேவிட்டாள்! பெட்டி மேலேறி உட்கார்ந்த வீராங்கனை, திரும்பிப் போகிற வழியையே எடுத்து ஒருத்தன் கையில் வைத்துவிட்டாள். அவனும் அதைச் சட்டைக்குள் சொருகப் போனான்.

"தம்பி, கொஞ்சம் நில்லுங்க" என்றாள். சந்தேகத்தில் சொல்லவில்லை, பழக்க தோஷம். டின்னைத் திறந்து ஒரு வெள்ளைத் தாளும் பென்சிலும் எடுத்து நீட்டினாள். "வாங்கிக்கிட்டேன்னு ஒரு துண்டு எழுதிக் குடுங்க. ஒங்க பேரு, அப்பா பேரு, யட்டவத்தையில எந்தத் தோட்டம், எல்லாம் போடுங்க."

அவன் சிரித்தான். பாலாமணி சிரிக்கவில்லை. தாளை முழங்காலில் வைத்து எழுத ஆரம்பித்தான். இராசமாணிக்கம் என்று எழுதினான். அப்பா பெயரை எழுதினான். யட்டவத்தை என்று எழுதி, தோட்டத்துப் பெயரை எழுதும்போது பென்சில் நின்றுவிட்டது. குனிந்த தலை குனிந்தபடி. தாளில் ஒரு சொட்டு விழுந்தது.

"என்ன தம்பி?"

"இந்தப் பேர எல்லாம் எழுதி மூணு வருசமாச்சுக்கா" என்றான். பாஸ்போட்டை எடுத்து அவள் மடியில் வைத்தான். "இத யாருகிட்டயும் குடுக்காதீங்க. என்கிட்டயும் குடுக்காதீங்க."

பாலாமணி பாஸ்போட்டைப் பிளவுஸுக்குள் திரும்பச் சொருகினாள். திட்டத்தான் வாயெடுத்தாள். அவன் முகத்தைப் பார்த்ததும் வரவில்லை. அவனும் இதே கரையில்தான் குடும்பத்தோடு இறங்கினானாம். குடும்ப அட்டையைப் பதிந்து தருகிறேன் என்று ஒருத்தன் வாங்கிப் போனானாம், சிலோன் பேச்சுப் பேசின ஒருத்தன். அட்டை போனது, அட்டைக்குக் கிடைக்க வேண்டிய நிலமும் போனது, பொண்டாட்டி பிள்ளைகளைத் தாய்வீட்டில் விட்டுவிட்டு இவன் கரையிலேயே தங்கிவிட்டான். தங்கினவன் அதே தொழிலைப் படித்துக்கொண்டான்.

"நீங்களே போங்க. ரைட்டருன்னு ஒருத்தர் இருப்பாரு, அவரப் பாருங்க. சொந்த ஊரு எதுன்னு கேட்டா, நம்ம ஆளுக மாதிரி பாட்டன் ஊரச் சொல்லிறாதீங்க. மாத்தளைன்னு சொல்லுங்க. ஏழு நாளத் தவற விட்றாதீங்க."

தங்கச்சிக்கென்று கொண்டு வந்த கித்துள் கருப்பட்டியில் ஒன்றை உடைத்து பாலாமணி அவன் கையில் வைத்தாள். ஏன் வைத்தாள் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. அவன் அதை மூக்கருகே வைத்துக்கொண்டு அப்படியே நின்றான். பாதி எழுதிய துண்டை பாலாமணி டின்னுக்குள் வைத்துக்கொண்டாள். அவள் எதையும் எறிவதில்லை என்றுதான் சொன்னேனே.

ரயில், பஸ், மாட்டுவண்டி எல்லாம் ஏறி, கரை இறங்கின மூன்றாம் நாள் வடுகாம்பட்டிக்குப் போய்ச் சேர்ந்தாள். விலாசத்தில் இருந்த வீட்டில் கூரை இல்லை. உள்ளே இரண்டு ஆடு நின்றது.

அடுத்த வீட்டுப் பெண் இரக்கப்பட்டுத் தண்ணீர் கொடுத்தாள். "சிலோன்காரங்களா? போயி பத்து மாசமாச்சே. தண்ணியில்லாத ஊருல என்ன பண்ணுவாங்க? மலைப்பக்கம் யாரோ ஆள் புடிக்க வந்தான், அவன்கூடப் போச்சுங்க. எந்த மலைன்னு தெரியல. ஊட்டிங்கிறாங்க, கொடைக்கானலுங்கிறாங்க, வால்பாறைங்கிறாங்க." பிறகு உள்ளே போய் ஒரு கட்டுக் கடிதம் எடுத்து வந்தாள். "இதுகளுக்கு வந்த காயிதம். யாரும் இல்லாததால தபால்காரர் என்கிட்ட குடுத்துட்டுப் போனாரு."

எல்லாம் பாலாமணி எழுதியவை. ஒன்றும் பிரிக்கப்படவில்லை. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. தங்கச்சியும் எழுதியிருப்பாள். எங்கே எழுதியிருப்பாள்? இடித்துப் போட்ட வரிசை வீட்டுக்கு. இவள் அவள் இல்லாத வீட்டுக்கு எழுத, அவள் இவள் இல்லாத வீட்டுக்கு எழுத, பத்து மாசம் ஓடியிருக்கிறது. பாலாமணி அந்தக் கடிதக்கட்டை மடியில் போட்டுக்கொண்டு ஓவென்று அழுதாள். ஆட்டுக்கும் பயம் வந்து கத்தியது.

இரண்டு நாள் ஊர் ஊராகக் கேட்டுத் திரிந்தாள். மலை பெயர்தான் கூடிக்கொண்டே போனது. மூன்றாவது நாள் அடுத்த வீட்டுப் பெண் சொன்னாள், "ஆளே இல்ல, இனிமே இங்க இருந்து என்ன செய்யப் போறீங்க? கப்பல் ஏறி ஒங்க ஊருக்குப் போங்கக்கா."

"போகத்தான் வேணும். அதுக்கு முந்தி ஸ்டேஷன்ல பதியணும். நாளையோட ஏழு நாள்."

"அட, போகப்போற ஆளு என்னத்தப் பதியிறது? யாரு வந்து பாக்கப் போறா?"

"எழுதியிருக்குல்ல" என்றாள் பாலாமணி. மனசு செத்துக் கிடந்தது. ஆனாலும் காலையில் குளித்து, நல்ல சேலை உடுத்தி, டின்னைத் தூக்கிக்கொண்டு பக்கத்து டவுனுக்கு நடந்தாள்.

ஸ்டேஷன் வாசலில் அரை மணி நேரம் நின்றாள். இராசமாணிக்கம் பொய்யாகச் சொன்னது இந்த ஒன்றில் மெய்யானது, அவளை உட்கார வைத்தார்கள், நெடுநேரம் வைத்தார்கள். ஆனால் யாரும் வாயில் வந்ததைக் கேட்கவில்லை. வழுக்கைத் தலை ரைட்டர், மூக்குக் கண்ணாடிக்கு மேலால் பார்த்து, "என்னம்மா?" என்றார்.

"பதிய வந்தேன் மாத்தையா."

ரைட்டர் பேனாவைக் கீழே வைத்தார். "மாத்தையாவா?"

பாலாமணி நாக்கைக் கடித்துக்கொண்டாள். மாத்தளை அரசாங்கக் கச்சேரியில் பழகின வாய். அங்கே பெரியவர்கள் எல்லாரும் மாத்தையாதான். "மன்னிச்சுக்கங்க ஐயா, வாய் தவறி..."

"சொந்த ஊர் எது?"

பாட்டன் ஊர்ப் பெயர் நுனி நாக்கு வரை வந்துவிட்டது. விழுங்கினாள். "மாத்தளை."

"பேரு பாலாமணியா?"

இன்னும் சொல்லாத பேர் இவருக்கு எப்படித் தெரியும்? தலையை மட்டும் ஆட்டினாள். ரைட்டர் எழுந்து போய் தடித்த பதிவேட்டை எடுத்து வந்து, கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். குண்டூசி குத்தி ஒரு தாள் இருந்தது. ஊசி துருப்பிடித்துத் தாளில் கறை விட்டிருந்தது.

"பத்து மாசம் முந்தி ஒரு பொண்ணு கைக்குழந்தையோட வந்துச்சு. இப்பிடித்தான், மாத்தையா மாத்தையான்னு. எங்கக்கா வந்தா குடுங்கன்னு சொல்லி என்னையே எழுத வச்சுச்சு. நான் சொன்னேன், ஏம்மா, கடல் தாண்டி யாரு வரப்போறா, வந்தாலும் நேரா சொந்தக்காரங்க வீட்டுக்குத்தான் போவாங்க, இங்க எவ வந்து கையெழுத்துப் போடுவான்னு. அதுக்கு அந்தப் பொண்ணு, 'எங்கக்கா வருவா. வீட்டுக்கு வராட்டியும் இங்க வருவா'ன்னு சொல்லிட்டுப் போச்சு."

தாளில் கோத்தகிரிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் பெயரும், லயத்து வீட்டு நம்பரும் இருந்தன. எழுத்தெல்லாம் ஆடியது. பாலாமணிக்குக் கண்ணில் அவ்வளவு தண்ணீர்.

"போறதா இருந்தா விலாசம் மாறுதுன்னு இங்க எழுதணும்" என்றார் ரைட்டர், அவளை அழவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்து. "அங்க போயும் பதியணும்."

"பதியிறேன் மாத்தையா. எத்தன தடவ வேணும்னாலும் பதியிறேன்" என்று பாலாமணி கையெழுத்துப் போட்டாள். அவள் போட்ட கையெழுத்திலேயே கோணலானது அதுதான்.

கோத்தகிரி ஸ்டேஷனில் பதிந்துவிட்டுத்தான் தோட்டத்துக்குப் போனாள். அங்கே போயும் திருந்தவில்லை பாருங்கள்! மூன்று மணி வெயில், மலைச்சரிவில் பெண்கள் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். பார்த்த பார்வைக்கு ரிவர்ஸ்டன் மாதிரியே இருந்தது. மூன்றாவது நிரையில் ஒரு முதுகு. எத்தனை வருஷம் தேய்த்துக் குளிப்பாட்டிய முதுகு, தெரியாதா?

"கிட்ணம்மா!"

கூடையோடு திரும்பினாள். கூடையைப் போட்டாள். செடிக்கு நடுவே விழுந்து எழுந்து ஓடி வந்தவள், இரண்டடி தூரத்தில் நின்றுவிட்டாள். கிட்ட வரப் பயந்தவள் மாதிரி நின்று கேட்டாள்.

"கையெழுத்துப் போட்டியாக்கா?"

"போட்டேன்டி" என்றாள் பாலாமணி.

பிறகு யார் யாரைக் கட்டிப்பிடித்தார்கள், யார் முதலில் அழுதார்கள் என்று கேட்காதீர்கள். நிரையில் நின்ற பெண்களெல்லாம் பறிப்பதை விட்டுவிட்டு மூக்கைச் சிந்தினார்கள், மேற்பார்வைக்காரரும் சத்தம் போடவில்லை. அழுது ஓய்ந்த பிறகு கிருஷ்ணம்மா இடுப்புச் சுருக்குப் பையை அவிழ்த்தாள். பிளாஸ்டிக் தாளில் நாலாக மடித்த ஒரு சீட்டை எடுத்து அக்கா கையில் வைத்தாள். கிருஷ்ணம்மா என்பவரிடமிருந்து அவரது அக்காவுக்கான கடிதம் ஒன்று பெற்றுக்கொண்டேன் என்று எழுதி, ரைட்டர் கையெழுத்துப் போட்டிருந்தார்.

"கேட்டு வாங்குனேன்" என்றாள். "பத்து மாசமா இடுப்புலயே வச்சிருக்கேன். மோந்து பாரு, புளி வாசம் அடிக்காது."

பாலாமணி மோந்து பார்த்தாள். தங்கச்சியின் வேர்வை வாசம்தான் அடித்தது. அந்தத் துண்டை மட்டும் அவள் தன் டின்னில் வைக்கவில்லை, மடித்துத் தங்கச்சியின் சுருக்குப் பையிலேயே திரும்ப வைத்துக் கட்டினாள்.